40 டிகிரி வெயிலில் எந்த பெர்ஃப்யூம் நிற்கும்? ஆண்களுக்கான 'கிளாசிக்' சென்ட்டுகள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை போட்டுக்கொள்ள, துபாயில் இருந்து வரும் மச்சானிடம் சொல்லி அனுப்ப, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்க என்று பிராண்டட் பெர்ஃப்யூம் இப்போது சேலம், நாமக்கல் வீடுகளுக்குள்ளும் சாதாரணமாக நுழைந்துவிட்டது. 100 மில்லி பாட்டிலுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சின்னக் குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு அது.

ஆனால் வாங்கி வந்த பிறகு பலரும் சொல்வது இதுதான்: "கடையில அடிச்சப்போ சூப்பரா இருந்துச்சுங்க. வீட்டுக்கு வர்றதுக்குள்ள காணோம்." இன்னும் சிலருக்கு இதற்கு நேர்மாறான புகார்: "பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவருக்குத் தலைவலியே வந்துடுச்சு."

பிராண்ட் பெயரையும் விளம்பர நடிகரையும் பார்த்து வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கத்தான் செய்யும். ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஒரு வாசனை, ஏப்ரல் மாதம் மதியம் 2 மணிக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நிற்பவரின் தோலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கணக்கு. எந்த கிளாசிக் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது, போலியிடம் ஏமாறாமல் எப்படி வாங்குவது? முழு விவரம் இதோ.

'டிசைனர்' என்றால் என்ன? 'கிளாசிக்' என்றால் என்ன?

டியோர், ஷனேல், அர்மானி, பாகோ ரபான், அசாரோ போன்றவை அடிப்படையில் ஃபேஷன் நிறுவனங்கள். துணி வடிவமைக்கும் இந்த நிறுவனங்கள் தங்கள் பெயரில் கொண்டுவரும் வாசனைத் திரவியங்களுக்குத்தான் 'டிசைனர் பெர்ஃப்யூம்' என்று பெயர்.

வந்து 25, 30 ஆண்டுகள் ஆகியும் தொடர்ந்து விற்பனையில் இருப்பதை, பிறகு வந்த பலரும் காப்பியடித்த வாசனையை, 'கிளாசிக்' என்று அழைக்கிறார்கள். இதற்கென்று அரசு முத்திரையோ தரச்சான்றோ கிடையாது. கடைக்காரர் ஒரு பாட்டிலைக் காட்டி "இது கிளாசிக் சார்" என்றால், அது எந்த ஆண்டு வந்தது என்று கேட்பது நல்லது.

ஆண்களுக்கான நவீன வாசனைகளின் கதை 1882-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிரான்சின் ஹூபிகான் நிறுவனம் 'ஃபூஜேர் ராயல்' என்ற பெர்ஃப்யூமை வெளியிட்டது. ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட 'கூமரின்' என்ற வாசனைப் பொருள் அதில் சேர்க்கப்பட்டது. லாவெண்டர், மரப்பாசி, கூமரின் மூன்றும் சேர்ந்த இந்த வகைக்கு 'ஃபூஜேர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயர் புதிதாக இருக்கலாம், வாசனை புதிதல்ல. சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தட்டிவிடும் ஆஃப்டர் ஷேவ் வாசனை நினைவிருந்தால், அதுதான் இந்தக் குடும்பம்.

பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

ஒரே பெயரில், ஒரே வடிவ பாட்டிலில் மூன்று விதமான பெர்ஃப்யூம் இருக்கலாம். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், ஆல்கஹாலில் எவ்வளவு வாசனை எண்ணெய் கலக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். தோராயமான அளவுகள் இவை:

- ஓ டி கொலோன்: சுமார் 2 முதல் 5 சதவீதம். ஓரிரு மணி நேரம் நிற்கும்.
- ஓ டி டாய்லெட்: சுமார் 5 முதல் 15 சதவீதம். 3 முதல் 5 மணி நேரம்.
- ஓ டி பர்ஃபம்: சுமார் 15 முதல் 20 சதவீதம். 5 முதல் 8 மணி நேரம்.
- பர்ஃபம்: 20 சதவீதத்துக்கு மேல். இன்னும் அதிக நேரம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அளவு மாறும். அதோடு, 'பர்ஃபம்' என்பது 'டாய்லெட்'டின் கெட்டியான வடிவம் மட்டும் அல்ல. பல நேரங்களில் இரண்டின் கலவையே வேறாக இருக்கும். ஒன்று பிடித்தது என்பதற்காக இன்னொன்றை முகர்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

வெயிலில் வாசனைக்கு என்ன ஆகிறது?

எந்த பெர்ஃப்யூமும் மூன்று கட்டமாக வெளிப்படும். அடித்தவுடன் வருவது எலுமிச்சை, பெர்கமாட், புதினா போன்ற லேசான வாசனைகள். இவை சீக்கிரம் ஆவியாகிவிடும். அடுத்து வருபவை பூக்கள், மசாலாப் பொருட்கள், மூலிகைகள். கடைசியில் தங்குவது சந்தனம், வெட்டிவேர், பாசி, பிசின் போன்ற கனமான வாசனைகள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் மார்ச் முதல் மே வரை மதியத்தில் 38, 39 டிகிரி சகஜம். 40-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. இந்தச் சூட்டில் முதல் கட்டம் ஐந்து, பத்து நிமிடத்திலேயே பறந்துவிடுகிறது. ஏசி கடையில் மயக்கிய அந்த எலுமிச்சை வாசம், வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குள் காணாமல் போவது இதனால்தான்.

கனமான, இனிப்பான வாசனைகளுக்கு இதன் எதிர்விளைவு. வெனிலா, தேன், இலவங்கப்பட்டை போன்றவை சூட்டில் வேகமாகக் கிளம்பி, சுற்றியிருப்பவர் மூக்கைத் துளைக்கும். குளிர் நாட்டில் நாலு முறை அடிக்கும் பெர்ஃப்யூமை இங்கே ஒரு முறை அடித்தாலே போதும் என்பது இதனால்தான்.

எட்டு கிளாசிக்குகள்: எது எப்படி?

1. ஓல்ட் ஸ்பைஸ் (1938)
அமெரிக்காவின் ஷுல்டன் நிறுவனம் ஆண்களுக்காகக் கொண்டுவந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் இது டிசைனர் அல்ல. ஆனால் கப்பல் படம் போட்ட அந்த வெள்ளை பாட்டில் இல்லாமல் இந்தப் பட்டியல் நிறைவடையாது. கிராம்பு, பட்டை என மசாலா வாசனை தூக்கலாக இருக்கும். ஆஃப்டர் ஷேவாகப் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். குறைந்த செலவில் 'பழைய கால' வாசனை எப்படி என்று தெரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம்.

2. டியோர் ஓ சவாஜ் (1966)
எட்மண்ட் ருட்னிட்ஸ்கா உருவாக்கியது. எலுமிச்சை, மூலிகை, கீழே லேசான பாசி வாசம். இதன் ரகசியம் 'ஹெடியோன்' என்ற பொருள். மல்லிகை வாசனையை ஆராய்ந்தபோது சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவனம் கண்டறிந்தது அது. காற்றோட்டமான, ஈரம் படிந்த மல்லிகை போன்ற ஒரு புத்துணர்வை அது தருகிறது. கோடைக் காலைக்கு மிகப் பொருத்தம். குறை: நேரம் போதாது. மதியத்துக்கு மேல் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.
கவனிக்க: 2015-ல் வந்த 'சவாஜ்' முற்றிலும் வேறு பெர்ஃப்யூம். பெயர்க் குழப்பத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிட வேண்டாம்.

3. பாகோ ரபான் பூர் ஓம் (1973)
பச்சை பாட்டில். லாவெண்டர், ரோஸ்மேரி, தேன், பாசி. நல்ல சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி ஒரு வாசனை. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடனே பிடிக்கும். இளைஞர்கள் சிலர் "அப்பா வாசனை" என்று ஒதுக்கலாம். மாலை நேர வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு நன்றாக இருக்கும்.

4. அசாரோ பூர் ஓம் (1978)
இதில் சோம்பு வாசம் முன்னால் நிற்கும். ஓட்டலில் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கல்லாவில் எடுத்து மெல்லும் சோம்பை நினைத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் லாவெண்டரும் மரவாசனையும். மதிய வெயிலில் கொஞ்சம் கனம். மழை நாட்களுக்கும் மார்கழிக்கும் ஏற்றது.

5. டிராக்கர் நுவார் (1982)
கி லரோஷ் நிறுவனத்தின் கறுப்பு பாட்டில். 1980-களில் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. சலவை சோப்பு, டிடர்ஜென்ட்களிலும் பயன்படும் 'டைஹைட்ரோமிர்சினால்' என்ற பொருளைத் தாராளமாகச் சேர்த்துப் புகழ்பெற்றது. சுத்தமான, கொஞ்சம் முரட்டுத்தனமான வாசனை. ஒரு ஸ்ப்ரே போதும். இரண்டானாலே வேன் முழுக்க நிறைந்துவிடும்.

6. டேவிடாஃப் கூல் வாட்டர் (1988)
பியர் போர்டான் உருவாக்கியது. புதினா, லாவெண்டர், நீர் வாசனை. இன்று கடைகளில் 'அக்வா', 'ஓஷன்', 'ஐஸ்' என்ற பெயரில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான டியோடரன்ட்களுக்கு இதுதான் மூத்த அண்ணன். வெயிலுக்கு ஏற்றது. இந்தப் பட்டியலில் உள்ள மற்ற டிசைனர் பெயர்களைவிடப் பெரும்பாலும் விலையும் குறைவு. குறை: எல்லோரும் காப்பியடித்துவிட்டதால் புதிதாகத் தெரியாது.

7. டியோர் ஃபாரன்ஹீட் (1988)
வயலட் இலை, தோல், அதோடு பெட்ரோலை நினைவூட்டும் ஒரு நெடி. இந்த வாசனைக்காகவே உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. ஆனால் லாரிப் பட்டறையும் டீசல் பங்குமாக வாழும் நாமக்கல்காரர் ஒருவர், "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு காசு?" என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. முகராமல் வாங்கவே கூடாத பெர்ஃப்யூம் இது. குளிர் மாதங்களுக்கு மட்டும்.

8. அர்மானி அக்வா டி ஜியோ (1996)
ஆல்பர்டோ மோரியாஸ் உருவாக்கிய கடல் வாசனை. பெர்கமாட், உப்புக் காற்று, லேசான பூ வாசம். அலுவலகம், கல்லூரி, பயணம் என எங்கும் யாரையும் தொந்தரவு செய்யாது. சமவெளி வெயிலுக்கு ஓ சவாஜும் இதுவும்தான் பாதுகாப்பான தேர்வு. போலிகள் அதிகம் புழங்கும் பெயர்களில் இதுவும் ஒன்று என்பதால் எச்சரிக்கை அவசியம்.

வெட்டிவேர்: பாரீஸ் பாட்டிலில் ஒரு தமிழ்ச் சொல்

இந்தப் பட்டியலைத் தாண்டி இன்னொரு வகை உண்டு. 1950-களின் பிற்பகுதியில் கார்வென், ஜிவான்ஷி, கெர்லான் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் அடுத்தடுத்து ஒரே பெயரில் ஆண்களுக்கான பெர்ஃப்யூம்களைக் கொண்டுவந்தன. அந்தப் பெயர் 'வெட்டிவேர்'.

ஆம், நம் ஊர் வெட்டிவேர்தான். தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து உலக மொழிகளுக்குப் பரவியது. மண்பானைத் தண்ணீரில் போடுவது, ஜன்னலில் தட்டியாகக் கட்டித் தண்ணீர் தெளிப்பது, குளியல் பொடியில் அரைப்பது என்று நாம் எதற்காக இதைப் பயன்படுத்துகிறோமோ, அதே காரணத்துக்காகத்தான் பெர்ஃப்யூமிலும் இது சேர்க்கப்படுகிறது. குளிர்ச்சியான, ஈர மண் வாசனை. கூடவே, மற்ற வாசனைகளைச் சீக்கிரம் பறக்கவிடாமல் பிடித்து வைக்கும் குணமும் வேரின் எண்ணெய்க்கு உண்டு.

சமவெளிக் கோடைக்கு எது பொருத்தம் என்று கேட்டால், கெர்லானின் வெட்டிவேரைத் தயங்காமல் சொல்லலாம். எலுமிச்சை, வேர், புகையிலை, ஜாதிக்காய் கலந்த அந்த வாசனை, மற்றவை சூட்டில் கலையும்போதும் நிதானமாக நிற்கும். இன்று உலக பெர்ஃப்யூம் தொழிலுக்கு வெட்டிவேர் எண்ணெயைப் பெருமளவில் தருவது கரீபியன் நாடான ஹைட்டி என்பது தனிச் செய்தி.

சந்தனம்: சேலத்துக்கும் பெர்ஃப்யூமுக்கும் உள்ள தொடர்பு

ஷனேல் 1990-ல் கொண்டுவந்த 'எகோயிஸ்ட்' ஆண்களுக்கான சந்தன வாசனைகளில் முக்கியமானது. பட்டை, ரோஜா, அதன் அடியில் பால் போன்ற சந்தனம். பெர்ஃப்யூம் உலகில் உயர்ந்த ரகம் என்றாலே 'மைசூர் சந்தனம்' என்று சொல்வது வழக்கம். ஆனால் அதே மரம் தமிழகத்தின் சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் வளர்கிறது. வனத்துறையின் சந்தனக் கிடங்குகள் சேலம், சத்தியமங்கலம், திருப்பத்தூரில் இருக்கின்றன. அங்கே தரம் பிரித்து ஏலம் விடப்படுகிறது.

சந்தனம் ஏன் இவ்வளவு விலை? அது ஓர் அரை ஒட்டுண்ணி மரம். பக்கத்துச் செடிகளின் வேரில் இருந்து உணவு எடுத்தே வளரும். வாசனை எண்ணெய் இருப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும் மட்டும். வெளிப்பகுதியில் வாசனையே இருக்காது. நல்ல எண்ணெய் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அந்த விலைக்குக் காட்டு மரங்கள் பலியாகின. மேட்டூர், தருமபுரி, சத்தியமங்கலம் காடுகளில் சந்தனக் கடத்தலால் அறியப்பட்ட வீரப்பன், 2004 அக்டோபர் 18-ம் தேதி தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதன் விலையை அப்பாவி மக்களும் கொடுத்தார்கள். 1992 ஜூன் 20-ம் தேதி, சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி கிராமத்தில் சந்தனக் கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 2011 செப்டம்பர் 29-ம் தேதி, அப்போது உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இயற்கைச் சந்தன மரம் 1998 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக இருக்கிறது. அதனால் இன்றைய டிசைனர் பெர்ஃப்யூம்களில் 'சந்தனம்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் ஆய்வகத்தில் உருவான மாற்றுப் பொருளாகவோ, ஆஸ்திரேலியத் தோட்டங்களில் வளர்ந்த சந்தனமாகவோ இருக்கும். கோயில் சந்தனத்தின் வாசனையை எதிர்பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம்.

விவசாயிகளுக்கு ஒரு தகவல்: தமிழகத்தில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரம் நில உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் தானாக வெட்டி விற்க முடியாது. வனத்துறைக்குத் தெரிவித்து, அனுமதி பெற்றே வெட்ட வேண்டும்.

"முன்ன மாதிரி இல்லையே" என்பது உண்மையா?

உண்மைதான். 1990-களில் கிளாசிக் பெர்ஃப்யூம் பயன்படுத்தியவர்கள் இப்போது அதே பெயரை வாங்கினால் வித்தியாசம் தெரியும். அது போலி என்று அர்த்தமல்ல.

தோல் ஒவ்வாமை உள்ளிட்ட காரணங்களால் சில பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடும் தடையும் விதித்திருக்கிறது. பழைய ஃபூஜேர் வாசனைகளின் முதுகெலும்பாக இருந்த ஓக் மரப்பாசியில் உள்ள இரண்டு வேதிப்பொருட்கள் தடை செய்யப்பட்டன. 'லிலியால்' என்ற பொருளுக்கு 2022 மார்ச் முதல் தடை. நிறுவனங்கள் கலவையை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. பாகோ ரபான், டிராக்கர் நுவார் போன்றவை பழையதைவிட மெல்லியதாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

எனவே யாராவது "பழைய ஸ்டாக், ஒரிஜினல் கலவை" என்று கூடுதல் விலை சொன்னால் யோசிக்க வேண்டும். வெளிச்சத்திலும் சூட்டிலும் பல ஆண்டுகள் இருந்த பெர்ஃப்யூம் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

'ஃபர்ஸ்ட் காப்பி', 'இன்ஸ்பையர்டு', அத்தர்: வித்தியாசம் என்ன?

ஃபர்ஸ்ட் காப்பி: பெயர், பாட்டில், பெட்டி எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தது. இது போலி. சட்டப்படி குற்றம். உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோல் அரிப்பு, தடிப்பு வந்தால் கேட்க ஆளும் இல்லை.

இன்ஸ்பையர்டு: சொந்தப் பெயரில், சொந்த பாட்டிலில், ஒரு கிளாசிக்கின் வாசனையை ஒத்து வரும்படி செய்தது. லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி இருக்கும். இது போலி அல்ல. பட்ஜெட் குறைவு என்றால் ஃபர்ஸ்ட் காப்பியைவிட இது எவ்வளவோ மேல்.

அத்தர்: ஆல்கஹால் இல்லாத எண்ணெய் வாசனை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் இதற்குப் பெயர் போனது. புவிசார் குறியீடும் பெற்றது. சந்தன எண்ணெயை அடித்தளமாக வைத்துப் பூக்களைக் காய்ச்சி வடிப்பதே பாரம்பரிய முறை. சந்தனம் விலை ஏறியதால் இப்போது பலவற்றில் பாரஃபின் போன்ற எண்ணெய்கள் சேர்கின்றன. மிகக் குறைந்த விலைக்கு 'அசல் சந்தன அத்தர்' கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

- இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020-ன்படி இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும்.
- பெட்டியின் அடியில் உள்ள பேட்ச் எண்ணும் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- மூடி ஆடக் கூடாது. ஸ்ப்ரே மெல்லிய பனிபோல வர வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தெறித்தால் சந்தேகப்படலாம்.
- பாதி விலைக்கும் கீழே கிடைத்தால் காரணம் கேளுங்கள். "கஸ்டம்ஸ்ல பிடிச்ச மால்" என்பது பல காலமாகச் சொல்லப்படும் கதை.
- பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பில் இருந்தால்தான் புகார் நிற்கும்.

ஏமாந்துவிட்டால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனு செய்யக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கடையில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரே நேரத்தில் பத்து பாட்டிலை முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். மூன்றுக்கு மேல் வேண்டாம். முதலில் காகிதப் பட்டையில் அடித்துப் பாருங்கள். அதில் பிடித்த ஒன்றை மட்டும் மணிக்கட்டில் அடியுங்கள். கையோடு கை வைத்துத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் முதல் கட்ட வாசனை இன்னும் சீக்கிரம் பறந்துவிடும்.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். உடனே பில் போட வேண்டாம். கடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் பத்து நிமிடம் நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள். அப்போது இருப்பதுதான் நாள் முழுக்க உங்களுடன் இருக்கப்போகும் வாசனை. அது பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

முழு பாட்டிலுக்குப் பணம் போடத் தயக்கம் இருந்தால், நம்பகமான விற்பனையாளரிடம் 5 அல்லது 10 மில்லி சின்ன பாட்டில்கள் கிடைக்கும். ஒரு வாரம் அலுவலகம், பஸ், விசேஷ வீடு என்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

வெயில் படும் தோலில் வேண்டாம்: எலுமிச்சை, பெர்கமாட் போன்ற இயற்கை எண்ணெய்களில் உள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் கரும்படை வரலாம். இப்போது பெரிய நிறுவனங்கள் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகின்றன. ஆனாலும் பகலில் கழுத்து, முகம் பக்கம் அடிக்காமல், சட்டைக்கு உள்ளே மார்பில் அடிப்பது நல்லது.

வியர்வைக்கு மேல் அடிக்கக் கூடாது: வியர்வை நாற்றத்தை பெர்ஃப்யூம் மறைக்காது. இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். குளித்து, துடைத்து, உலர்ந்த தோலில் அடிக்க வேண்டும். தோல் வறட்சியாக இருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தடவிவிட்டு அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

கார், லாரி கேபினில் வைக்காதீர்கள்: பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால். எளிதில் தீப்பிடிக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு வெளியே இருப்பதைவிட மிக அதிகமாக இருக்கும். டேஷ்போர்டில் பாட்டிலை வைப்பது ஆபத்து. வாசனையும் கெட்டுவிடும். வீட்டில் பீரோவுக்குள், இருட்டில் வைத்தாலே போதும்.

ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால்: ஸ்ப்ரே எண்ணிக்கையைக் குறையுங்கள். பச்சிளம் குழந்தையைத் தூக்கும் முன் அடிக்க வேண்டாம். தோலில் எரிச்சல், சிவப்பு தெரிந்தால் உடனே கழுவிவிட்டு, குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சுருக்கமாக: யாருக்கு எது?

- தினசரி அலுவலகம், கல்லூரி, கோடைக்காலம்: அக்வா டி ஜியோ, ஓ சவாஜ்
- குறைந்த செலவில் வெயிலுக்கு: கூல் வாட்டர்
- கோடையிலும் நின்று பேச வேண்டும் என்றால்: கெர்லான் வெட்டிவேர்
- மாலை வரவேற்பு, அப்பாவுக்குப் பரிசு: பாகோ ரபான் பூர் ஓம்
- மார்கழி, மழைக்காலம், ஏற்காடு பயணம்: அசாரோ, எகோயிஸ்ட்
- முகர்ந்து பார்த்து பிடித்தால் மட்டும்: ஃபாரன்ஹீட், டிராக்கர் நுவார்

பரிசாக வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்தவர் தோலில் ஒரு வாசனை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கோ அப்பாவுக்கோ வாங்குவதாக இருந்தால், அவரையே கடைக்கு அழைத்துப்போய் மணிக்கட்டில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "எதுக்கு வீண் செலவு?" என்பார். இரண்டு மணி நேரம் கழித்து யாருக்கும் தெரியாமல் கையை முகர்ந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால், அந்த பாட்டிலுக்கு பில் போடச் சொல்லலாம்.